பிரைவேட் நம்பர்

எதிர்ச் சுவரில் கடிகாரம்
மூன்று என்கிறது.
எந்த மூன்று?
சொல்ல அதற்கு வாயில்லை.
எனக்கும் இல்லை, தொண்டையில் குழாய்.

லத்தேரிப் பக்கம் ரயில்வே கேட்டில்
முப்பத்தொரு வருஷம் ராத்திரி பார்த்தவன் நான்,
தீர்த்தகிரி.
இருட்டை எனக்குத் தெரியும்.
புளியமரத்துக் காக்கை தூக்கத்தில் ஒருதரம் கத்தினால்
ரெண்டரை.
பால்கேன் கட்டின டி.வி.எஸ். வந்து நின்று
"இன்னா, இன்னும் வண்டி போவலியா?" என்றால்
நாலு.
வேலூரில் இந்தக் கட்டிலுக்கு
ஜன்னலும் இல்லை, காக்கையும் இல்லை.
தலைக்கு மேல் டியூப் லைட்
டியூட்டி மாறாமல் எரிகிறது.

கண் அசந்தால் சார்ஜ் ஷீட் என்று
காலம் தள்ளினவனை
தூங்குங்க தூங்குங்க என்கிறார்கள்.
சொல்லிவிட்டு ஊசியில் ரத்தம் எடுக்கிறார்கள்.
இடப்பக்கம் புரட்டுகிறார்கள்,
கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம்.
முதுகுக்கடியில் எக்ஸ்ரே தகடு, ஐஸ் மாதிரி.
யாரோ வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைக்க
குளியல் என்றால் விடிந்தது என்று
உடம்பு நம்பி எழுந்துகொண்டது.
மறுபடியும்
அதே மூன்று.

சோற்றுக்கும் பொழுதில்லை.
மூக்கு வழியே ஏதோ பால்
நாள் முழுக்கச் சொட்டுகிறது.
பசியாவது மணி சொல்லும் என்றிருந்தேன்.

பூங்காவனம் வருகிறாள், பத்து நிமிஷம்.
அவள் கை சுடுகிறது.
அப்படியென்றால் வெளியே வெயில்,
அப்படியென்றால் பகல்.
அவள் போனதும்
அந்தப் பகலும் போய்விடுகிறது.

"பகல்னா ஒருதரம் கையை அமுக்குங்க,
ராத்திரின்னா ரெண்டுதரம்"
என்றார் சின்ன டாக்டர்.
பிடித்த கையை விடவில்லை நான்.
சார், நீங்களே சொல்லுங்களேன்.

அப்புறம் மணி அடித்தது.
எந்த மெஷின் என்று தெரியாது,
எனக்கு அது கேட் மணி.
கரும்பு லாரி ஒன்று தண்டவாளத்தில் நிற்கிறது,
பின்னால் ஆட்டோ, ஆட்டோவில் பிள்ளைகள்.
வண்டி கிளம்பியாச்சு.
எழுந்திருக்கப் பார்த்தேன்.
இரண்டு மணிக்கட்டையும்
கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

சிஸ்டர் சலோமி, பேரணாம்பட்டுப் பெண்,
முடிச்சைத் தளர்த்த வந்தாள்.
அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினேன்: 47.
மறுபடி மணி. மறுபடி 47.
வேறு யாராவது என்றால்
பைத்தியம் என்று ஃபைலில் எழுதியிருப்பார்கள்.
ஒருவேளை இவளும் எழுதியிருக்கலாம்.
ஆனால் வெளியே போய் என் மகனைக் கேட்டிருக்கிறாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நம்பர் சொல்வார்,
கேட்டைப் பூட்டிவிட்டு நான் ஒரு நம்பர் சொல்வேன்.
அதுதான் சத்தியம்.
அதை நம்பித்தான்
ஆயிரம் பேர் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

அன்று ராத்திரி
(ராத்திரி என்று அவள் சொன்னாள்)
என் தலைக்கு மேலே மட்டும் லைட்டை அணைத்தாள்.
காதில் பஞ்சு. கண்மேல் மடித்த பச்சைத் துணி.
ரத்தம் ஆறு மணிக்கு எடுத்தால் போதும் என்று
யாரிடமோ குரலை உயர்த்தாமல் சண்டை.
பிறகு என் கையை விரித்து எழுதினாள்,
எட்டு, மூன்று.
"வண்டி தாண்டிடுச்சு. கேட்டைத் தொறந்துடுங்க."

தொறந்தேன்.
லாரி போயிற்று, ஆட்டோ போயிற்று.
முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக
டியூட்டியில் தூங்கினேன்.

காலையில் கட்டிலை
ஜன்னல் இருக்கும் மூலைக்குத் தள்ளினார்கள்.
மொட்டை மலை, அதன்மேல் வெயில்.
கடிகாரம் ஏழு என்றது.
எந்த ஏழு என்று நான் கேட்கவில்லை.

இன்று ராத்திரி வேறு சிஸ்டர்.
லைட் எரிகிறது.
சலோமி போகும்போது பேனாவால்
எழுதிவிட்டுப் போயிருக்கிறாள் உள்ளங்கையில்.
வியர்வையில் மூன்று கொஞ்சம் கலைந்துவிட்டது.
மணி அடிக்கும்போதெல்லாம்
விரல்களை மூடிக்கொள்கிறேன்.