பதினோராம் பக்கம்

முக்கால் அங்குல உளி.
நாலாயிரத்துச் சொச்சம் பேர் மெச்சியிருக்கிறார்கள்.
"சொன்ன நாளுக்கு முன்பே வந்தது." ஐந்து நட்சத்திரம்.
"மாமனாருக்குப் பரிசு, பெட்டி அழகு." ஐந்து.
"இன்னும் பிரிக்கவில்லை."
அதற்கும் ஐந்து.
ஒரே ஒருவர் ஒன்று போட்டிருக்கிறார்:
வாட்ச்மேன் பார்சலை வாங்கி வைக்கவில்லையாம்.

செம்புதாஸ் தெருவிலும் கேட்டுப் பார்த்தேன்.
"எல்லாமே நல்ல அயிட்டம்தான் மேடம்"
என்றார் ஹஸ்திமல், கல்லாவை விட்டு எழாமல்.
அவர் விரல்களைப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.

நள்ளிரவு தாண்டிப் பதினோராம் பக்கத்தில்
வரதப்பன் என்றொருவர், மூன்று நட்சத்திரம்:
"வேம்பில் வெண்ணெய். வேங்கையில்
கணு வந்த இடத்தில் வாய் மடிந்தது.
தீட்டினேன், ரெண்டு நாள் நின்றது.
பிடி வழுக்கும். நம்ம ஊர் வேர்வை."

மரத்தின் பெயரைச் சொன்னவர்
நாலாயிரத்தில் அவர் ஒருவர்தான்.
முகம் தெரியாத வரதப்பனை நம்பிப்
பணம் கட்டினேன்.

ஐப்பசி மழையில் உப்பி
தாழ்ப்பாள் விழாமல் நிற்கிறது
கொளத்தூர் மூன்றாம் மாடியில் என் கதவு.
நிலைக்கு முன் மண்டியிட்டு
உளியை வைத்த பிறகுதான் உறைத்தது,
இது வேம்பா வேங்கையா
எனக்குத் தெரியாதென்று.
வீட்டுக்காரர் மூன்று முறை
பெயின்ட் அடித்து மூடிய மரம்.

அரை மணி நேரம் செதுக்கினேன்.
தாழ்ப்பாள் பாதி விழுகிறது.
"பொருள் எப்படி?" என்று கேட்கிறது போன்,
ஐந்து வெற்று நட்சத்திரங்களை நீட்டி.

பிடி வழுக்கத்தான் செய்தது, வரதப்பன்.
கூர்மைக்கு ஐந்தும் தருவது
இப்போதைக்கு
பிளாஸ்திரி சுற்றிய என் இடது கட்டைவிரல் மட்டும்.