காற்று திரும்பிய நேரம்

சன்னல் இல்லாத அறை.
மழை வருவதை ஜுரேமாவுக்கு
மழை சொல்வதில்லை;
திரையில் பச்சைக் கறை ஒன்று
தெற்கிலிருந்து ஊர்கிறது.

சாவோ பாவுலோவில் மூன்று நாற்பது.
காற்று திரும்பிவிட்டது.
கொங்கோன்யாஸ் ஓடுதளம் மறுமுனைக்கு மாறினால்
குவாருல்யோஸும் மாற வேண்டும்,
கம்பினாஸுக்கு வருபவை மேலே ஏற வேண்டும்.
ஒரே கட்டிலில் மூவர்;
ஒருவர் புரண்டால்
எல்லோருக்கும் போர்வை விலகும்.

இருபத்தாறு விமானங்கள்.
ஒவ்வொன்றும் ஓர் எண், ஓர் உயரம், ஒரு சிறு வால்.
"இடப்புறம், இரண்டு ஒன்று பூஜ்யம்.
ஆறாயிரத்தில் இருங்கள்."
ரெசீஃபியிலிருந்து வந்தவர் இரண்டாம் முறை கேட்கிறார்,
இன்னும் எவ்வளவு நேரம் என்று.
சற்றே கூட்டிச் சொல்கிறாள்.
குறைத்துச் சொன்னால் மூன்றாம் முறையும் கேட்பார்.

இடையில் ஒரு ஹெலிகாப்டர்.
தரை நெரிசலுக்குப் பயந்து
வானத்தை வாடகைக்கு எடுத்தவர் யாரோ உள்ளே.
குறுக்கே கடக்க அனுமதி வேண்டுமாம்.
"ஆற்றின் மேல் காத்திருங்கள்."
பினேரோஸ் ஆற்றோரம்
அசையாத கார்களுக்கு நேர் மேலே
அவரும் அசையாமல் நிற்கிறார்,
பதினோரு நிமிடம்.

ஐந்தரைக்கு ஹெட்போனைக் கழற்றுகிறாள்.
காதோரம் ரப்பர் பதிந்த தடம்.
வெளியே தெரு
உண்மையாகவே நனைந்திருக்கிறது.

பேருந்தில் நின்றபடி பார்க்கிறாள்:
முன்னால் நிற்கும் லாரிக்கும் இதற்கும்
ஒரு கை அகலம்கூட இல்லை.
மேகத்துக்குள் ஏதோ இறங்குகிறது;
மூன்று மைல் பின்னால் இன்னொன்று.
ஓட்டுநர் ஹார்னை அழுத்துகிறார்,
மறுபடி அழுத்துகிறார்.
அவருக்கு யாரும்
உயரம் மாற்றித் தரவில்லை.