கையிருப்பு

ஹிலோவில் ஞாயிற்றுக்கிழமை.
மழை பெய்து முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.
நீதிமன்றத் தாளில் உள்ளபடி
மாலை நான்கு மணிக்குக் கடற்கரைப் பூங்காவில்
நோஹேயாவைக் கைமாற்ற வேண்டும்.
நோஹேயாவோ இன்னும் தண்ணீரில்.
"அஞ்சே நிமிஷம்" என்கிறாள்.
அவளுடைய அஞ்சு நிமிஷம்
அரை மணிக்குக் குறைந்ததே இல்லை.

அந்த அரை மணியை
முதல் மாதம் பேச்சால் நிரப்பப் பார்த்தார்கள்:
வாடகை, பல் மருத்துவர், யார் முதலில் சொன்னது.
இரண்டாம் மாதம் அவரவர் காருக்குள்
கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
மூன்றாம் மாதம் கவேஹி
ஓர் ஒட்டுப்பலகையோடு வந்தாள்.
எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு குழி,
அவளே துளைத்தது. ஒரு வரிசை கோணல்.

கோனானே.
வியாழன்தோறும் நூலகத்தில் இலவச வகுப்பு.
சொல்லிக்கொடுத்தவனுக்குப் பத்தொன்பது வயது,
கெண்டைக்காலில் பச்சை குத்தியிருந்தான்,
எந்தச் சந்தேகத்துக்கும் "ஆடிப் பாருங்க" என்பான்.
ஆறு வியாழன் தோற்றாள்.
ஏழாவது வியாழனும் தோற்றாள்,
ஏன் என்று தெரிந்துகொண்டு.

கறுப்பு, எரிமலை துப்பிய கல்.
வெள்ளை, கடல் துப்பிய பவளம்.
மாற்றி மாற்றி எல்லாக் குழியிலும் ஒன்று.
நிரம்பிய பலகையில் ஆட முடியாது.
நடுவிலிருந்து டெல்பர்ட் ஒரு கறுப்பை எடுத்தான்,
அதை ஒட்டிய வெள்ளையொன்றை அவள்.
அந்த இரண்டு குழி வழியாகத்தான்
ஆட்டம் உள்ளே வருகிறது.

அப்புறம் ஒரே வேலை, தாண்டுவது.
பக்கத்து எதிரிக் கல்லைத் தாண்டி வெறுங்குழியில் இறங்கு,
தாண்டியதை எடுத்துவிடு.
மூலைவாட்டில் போகாதே.
சும்மா நகர்வது கிடையாது, "நீயே ஆடு" கிடையாது.
உன் முறை வந்து, தாண்ட ஒன்றுமில்லை என்றால்
தோற்றாய்.
கல்லை யாரும் எண்ணுவதில்லை.

இந்தக் கடைசி விதியை அவன் நம்பவில்லை.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிற வேலை அவனுக்கு.
ஒரே வீச்சில் மூன்றைத் தாண்டி
மூன்று பவளத்தையும் சட்டைப்பையில் போட்டுக் குலுக்கினான்.
"பார்த்தியா?"
"பார்த்தேன்."

வெற்றிடம் என்று எழுதினால்
முதல் மூன்று எழுத்தில் வெற்றி தெரியும்.
இலக்கணம் அப்படிப் பிரிக்காது.
கோனானே பிரிக்கும்.

அவளுக்கு ஓரத்தில் ஒரு தாண்டல் இருந்தது.
அவளுடைய பவளம், அடுத்து அவனுடைய கல்,
அசைய வழியில்லாமல்,
அதற்கப்பால் ஒரு குழி, காலி.
இப்போதே எடுக்கலாம். எடுக்கவில்லை.
கல்யாணத்தின் கடைசி வருஷம் முழுக்க
காபி டின்னில் போட்டுவைத்த பணம் மாதிரி
அது பாட்டுக்கு இருந்தது.

அவன் தாண்டினான். அவளும்.
அவன் தாண்டினான், அதுதான் கடைசி என்று தெரியாமல்.
அப்போது ஓரத்துக்குப் போனாள்.

பதினாறு கல் அவனுக்கு.
ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தான்,
பூட்டிய கதவுகளைத் தள்ளிப் பார்ப்பவன் போல.
அவளுக்குப் பத்துதான்.
"அந்த ஓரத்தை எப்போ பண்ணி வச்சே?"
"ரொம்ப முன்னாடியே."
பலகையைத்தான் கேட்டானா என்று
அவளுக்குத் தெரியவில்லை.
அவனுக்கும்.

நோஹேயா வந்து நின்று
குழிகளில் எல்லாம் தண்ணீர் சொட்டினாள்.
"யார் ஜெயிச்சா?"
"எங்கிட்டதான் கல் நிறைய" என்றான் டெல்பர்ட்.
துண்டை எடுத்துக்கொண்டு
அவள் அம்மாவின் காரில் ஏறினாள்.
மணி நாலே முக்கால்.

திங்கள் இரவு
அவன் வாஷிங் மெஷினுக்குள் ஏதோ கடகடத்தது.
நிறுத்தி, திறந்து, சட்டைப்பையைத் துழாவி
பவளங்களை ஜன்னலில் காயவைத்தான்.
ஷிப்ட் அட்டவணையைத் திருப்பிப் போட்டு
எட்டுக்கு எட்டு கட்டம் வரைந்தான்,
நினைவிலிருந்து,
அந்த ஒரு வரிசையைக் கோணலாகவே.