அறைக்குப் பத்து

ராத்திரி இரண்டு மணிக்குத்தான்
தெய்ராவில் எங்கள் ஹோட்டலுக்கு நாள் முடியும்.
தேதியை மாற்றுகிறவன் நான்.
மாற்றுமுன் எண்ண வேண்டும்:
நாற்பத்து மூன்று அறையில் ஆள்,
அறைக்குப் பத்து திர்ஹம்,
நானூற்று முப்பது.

வாடகைக்குக் கீழே தனி வரியாக நிற்கும் அது.
வரியில் ஒரு வரி.
நல்லவேளை, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அந்தக் காசு எங்களுடையது இல்லை.
மாதம் பிறந்து பதினைந்துக்குள் கட்டிவிட வேண்டும்.
ஒருநாள் பிந்தினாலும்
மேனேஜர் ஷம்சீர் சேட்டாவின் முகம்
ஃபிரிட்ஜில் மறந்துபோன எலுமிச்சை.

எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள்.
அலெக்சாந்திரியாவிலிருந்து பழைய டயர் வாங்க வந்தவர்
பேனாவால் அடிக்கோடிட்டுக் கேட்டார்.
லாகோஸிலிருந்து ஆறு காலிப் பெட்டியோடு வந்த அம்மாள்
"உன் ஊர் விளம்பரத்துக்கு
நான் எதற்கு மொய் எழுத வேண்டும்?" என்றாள்.
அவள் சொன்னது வேறு மொழி.
மொய் என்றுதான் எனக்குக் கேட்டது.

என் பதில் மனப்பாடம்.
ஊரை உலகுக்குக் காட்ட, மேடம்.
வாணவேடிக்கைக்கு. ஷாப்பிங் திருவிழாவுக்கு.
குளிர்தேசத்து ரயில் நிலையங்களில் ஒட்டும் படங்களுக்கு.

படத்தில் தண்ணீர் ஆடும்,
மணல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும்,
ஒட்டகத்தின் கழுத்தில் சாயங்காலம் தொங்கும்.
எங்கள் சந்து இருக்காது.
ஏழாம் மாடி ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கு
திலக் பகதூர் வைத்த பெயின்ட் டப்பா இருக்காது.
மார்ச்சில் அந்தக் குழாயை மாற்றக் காசு கேட்டார் சேட்டா.
ஏது காசு, என்றார் முதலாளி.
அந்த மாதம் நாங்கள் கட்டியது
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.

ஆனாலும் படம் பார்த்தும் வருகிறார்கள்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
போன வாரம் ஒரு கொரியப் பெண்
போனை நீட்டி, இந்த மணல்மேடு எந்தப் பக்கம் என்றாள்.
வாசலில் நின்ற பட்டாணி டாக்சிக்காரர்
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்,
காற்றடித்து நகர்ந்திருக்கும்.

வியாழன் இரவு மரியசூசை வந்தான்.
சாரம் கட்டுகிறவன்.
பதினோரு வருஷம் சோனாப்பூர் கேம்ப், அறைக்கு எட்டுப் பேர்.
பக்கத்தில் மனைவி அமலோற்பவம்,
விசிட் விசாவில், அன்றுதான் இறங்கியவள்.
அவள் பையிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டு வாசம்
எங்கள் லாபியின் ஊதை
ஒரே நிமிஷத்தில் ஜெயித்தது.

மூன்று இரவு. பில்லை விரல் வைத்துப் படித்து
அந்த வரியில் நின்றான்.
"முப்பது எதுக்குண்ணே?"

மனப்பாடத்தைத் தேடினேன், வரவில்லை.
படத்தில் மின்னும் கட்டடங்களில் எத்தனைக்கு
இவன் கம்பி சுமந்தானோ.
"ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க கட்டுறது" என்றேன்.
"அப்ப நான் டூரிஸ்ட்டா?"
"மூணு நாளைக்கு."

"கேட்டியா!" என்று அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
"பதினோரு வருஷமா வா வான்னு
போன்ல கூப்பிட்டது இவுகதான்.
அந்த விளம்பரத்துக்கு யாரு குடுத்தாக?"

தள்ளுபடிக்குப் பொத்தான் உண்டு,
வாடகைக்கு மட்டும்.
இந்த வரியைத் தொட்டால் திரை சிவக்கும்.
பத்துப் பத்தாக மூன்று தாள் வைத்தான்.

மறுநாள் ஒரு திர்ஹம் அப்ராவில்
நான்கு முறை அக்கரை போய் இக்கரை வந்தார்களாம்.
வேறெங்கும் போகவில்லை.
ஞாயிறு மதியம் சாவியைத் தந்தபோது
அவள் பில்லைக் கேட்டு வாங்கினாள்,
நாலாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.
"ஊர்ல காட்டணும்."

இன்று நாற்பத்திரண்டு அறை.
நானூற்று இருபது.
நாளை முடிக்கவா என்று கேட்கிறது கணினி.
வெளியே டப்பா நிறைந்து வழிகிற சத்தம்.
திலக்கைக் கூப்பிட வேண்டும்.