காலம் தூங்குகிறான்

பக்கத்து வீட்டில் காலம் தூங்குகிறான்.
பெயர்தான் அது. காலம் ஆக்ராய்ட்.
ரொட்டிக் கடையில் அடுப்பு மூட்ட
ராத்திரி இரண்டு மணிக்கு எழுபவன்.
ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெரு வீடுகள்
ஒரே சுவரை இரண்டு பேர் போர்த்திக்கொள்பவை.
அவன் தும்மினால் இங்கிருந்தே நான்
நூறாயுசு என்பேன்.

போன மாதம் சுவரைத் தட்டினான்.
மறுநாள் குப்பைத் தொட்டி அருகே கேட்டான்:
அது என்ன, தையல் மெஷினா?
நாற்பத்தொரு வயதில்
பொம்மைத் துப்பாக்கி என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம், திரைச்சீலை தைக்கிறேன் என்றேன்.

அன்றிலிருந்து ஓசையைக் குறைக்கிறேன்.

சமையல் மேசையில் பழைய துவாலை விரித்து
கியர்பாக்ஸைப் பிளந்ததும்
ஸ்ப்ரிங் எகிறி
துவரம்பருப்பு டப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.
உள்ளே மருந்து இல்லை, நெருப்பு இல்லை.
வெறும் காற்று.
பிஸ்டன் ஓடிப்போய் சிலிண்டர் தலையில் முட்டுகிறது
ஒவ்வொரு தடவையும், புத்தி வராமல்.
முட்டும் இடத்தில் மெத்தென்று ஒரு ரப்பர் வில்லை ஒட்டினேன்.
அதனால் பிஸ்டன் ஒரு நூல் பின்னே நிற்க
பல்சக்கரம் அதன் இரண்டாம் பல்லில் இடித்தது.
அந்தப் பல்லை அராவி எடுத்தேன்.
ஒன்றைச் சமாதானப்படுத்தினால்
இன்னொன்று பல்லைக் கடிக்கிறது.

அப்புறம் சக்கரங்களின் முனகல்.
இடுக்கியால் எடுத்து வைக்கும்
காகிதத்தைவிட மெல்லிய வாஷர்கள்.
ஒன்று கூட. இல்லை, ஒன்று குறைய.
விரலால் சுழற்றிவிட்டுக் காதருகே பிடிப்பேன்.
கேட்பதுதான் என் பிழைப்பு.
பகலில் மருத்துவமனையில்
காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துகிறேன்.
முதல் தடவை மாட்டிக்கொண்டவர்கள்
பிள்ளைகளின் குரலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.
என் கோட்டு இவ்வளவு சத்தம் போடுமா
என்கிறார்கள்.

வியாழக்கிழமை, ஒன்பது மணி.
நடையில் பழைய செய்தித்தாள் திணித்த அட்டைப்பெட்டி.
குழாயின் முனையில் கடற்பஞ்சு அடைத்த உறை.
சுட்டேன்.
ப்.
அவ்வளவுதான்.
உயிர் சேராத மெய்.

சிரிப்பு வந்தது. மறுபடி சுட்டேன், ப்.
அதற்குப் பின் வந்த அமைதியில்
குளிர்சாதனப் பெட்டி நின்றது கேட்டது.
சுவருக்கு அந்தப் பக்கம்
காலம் ஃபோனில் யாரிடமோ
சரி, அப்படியானால் வர வேண்டாம்
என்றது கேட்டது.
கொஞ்சம் பொறுத்து, அதையே இன்னொரு முறை.
அவன் தூங்கவில்லை.
இத்தனை நாளும் தூங்கியிருக்க மாட்டான்.

ஞாயிறு, ஹெப்டன் தாண்டிய காடு.
வேகம் அளப்பவன் எண்ணைப் படித்தான்:
முந்நூற்று நாற்பத்தாறு அடி. போகலாம்.
குண்டு ஒவ்வொன்றும் இரண்டு குன்றிமணி எடை.
இந்த ஆட்டத்தில் நடுவருக்கு ஒன்றும் தெரியாது;
பட்டவன்தான் பட்டேன் என்று கை தூக்க வேண்டும்.
பெரணிப் புதருக்குள் ராச்டேல்காரன், குழாய் வேலை செய்பவன்,
குப்புறப் படுத்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தான்.
முதுகில் சுட்டேன். தின்றான்.
இன்னொன்று, தோளில்.
உறையை மடித்துப் பையில் வைத்தான்.
நேர்மையான ஆள். போன முறை
என் குண்டு அவன் நிழலைத் தொட்டதற்கே வெளியேறினான்.
தடித்த கோட்டு; காதில் விழ எதுவுமில்லை.
மூன்று வாரம் உட்கார்ந்து நான் செய்தது
அவனைச் சாகாதவனாக ஆக்கியதுதான்.

எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
அப்போது என் தொப்பியின் மேல் ஏதோ விழுந்தது.
பீச் மரத்துக் காயாக இருக்கலாம்.
மழைச் சொட்டாக இருக்கலாம், மேகமும் இருந்தது.
திரும்பிப் பார்த்தேன். மரங்கள்.
எதிரணியில் யாரோ ஒருத்தன்
என்னைவிட நன்றாக வேலை செய்திருக்கவும் கூடும்.

இரண்டு மூச்சு காத்திருந்தேன்.
பிறகு கையைத் தூக்கி
எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல்
பட்டேன் என்றேன்,
தமிழில்.
ராச்டேல்காரன் தலை நிமிர்த்தி
யார் சுட்டது என்று கேட்டான்.