பென்சில்

வாலாஜா ரோட்டில் ஏறியதிலிருந்து
ஒரே கணக்கு.
நாலாயிரம் குறைவு.
ரயில் பாஸ் தனி, ஜுனைதுக்கு டியூஷன் தனி.
திருவலம் பாலத்தில் வண்டி தடதடத்தபோது
மறுபடி முதலிலிருந்து போட்டேன்.
"யாராவது சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு
வேலை மாறுவாங்களா?" என்றிருந்தார் இவர்,
என் துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டபடி.
கோபமில்லை. கேள்விதான்.

ராணிப்பேட்டையில் ஒன்பது வருடம்.
தோல் கம்பெனிக் கழிவுநீர்
குப்பிகளில் வரும், லேபிள் நனைந்து.
குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு,
பார்த்து எழுதுவது என் வேலை.
"பென்சில்ல எழுதுங்க மேடம்"
முதல் நாளே சொன்னார் மேனேஜர்.
மரியாதையாகத்தான்.
பென்சிலைக்கூட அவரே சீவித் தந்தார்.
கையெழுத்து மட்டும் பேனாவில்.

குறை சொல்லக் கூடாது.
பெருநாளைக்கு முன்பணம் கிடைக்கும்.
பையன் டெங்குவில் கிடந்தபோது
பத்து நாள் லீவு, ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஆனால் திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தால்
என் கையெழுத்து இருக்கும்,
அதற்கு மேலே என் எண் இருக்காது.
நடு மடிப்பில் ரப்பர் தூள்.
ஊதிவிட்டு அடுத்த பக்கம் போவேன்.
ஒன்பது வருடம்
ஊதியிருக்கிறேன்.

காட்பாடியில், இரண்டாம் மாடி.
"உங்க எதிர்பார்ப்பு என்ன?" என்றார் தணிகைவேல்.
என்னைவிட எட்டு வயதாவது இளையவர்.
பாத்ரூம் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.
சாவியே இல்லை, உள்ளே தாழ்ப்பாள் என்றார்.
ஐந்து இருபது வண்டியைப் பிடிக்க முடியுமா?
ஓடினால் முடியும்.
மூன்றாவது கேள்வி
தொண்டையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.
"இங்க பென்சில் இருக்கா?"

அவருக்கு விளங்கவில்லை.
இழுப்பறையைத் துழாவினார்,
அடுத்த அறையில் கேட்டுப் பார்த்தார்,
சங்கடமாகத் திரும்பி வந்து
"பேனா தரட்டுங்களா?" என்று நீட்டினார்.

மேசையில் ஒரு பதிவேடு திறந்து கிடந்தது.
யாரோ 2.8 என்று எழுதி
குறுக்கே ஒற்றைக் கோடு இழுத்து
பக்கத்தில் 3.1, தேதி, சின்னக் கையொப்பம்.
அடித்த எண்ணும்
நன்றாகவே படிக்க வந்தது.
தலைகீழாக இருந்தும்
இரண்டு முறை படித்தேன்.

ஓடியும் ஐந்து இருபது போய்விட்டது.
பிளாட்பாரத்தில் உட்கார்ந்து
டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்,
கொடுக்க மறந்து கொண்டுவந்த
அவருடைய பேனாவால்.
நாலாயிரம் குறைவுதான்.
கீழே கையெழுத்துப் போட்டேன்.