ஒன்று புள்ளி ஏழு

அஸ்தம்பட்டியில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, ஓடுகிற மின்விசிறி ஒன்று,
சன்னலில் முக்கால்வாசி சேர்வராயன்.

ஆத்தூர் சாலை ஜவ்வரிசி ஆலையின் இணையதளம்
என் கைக்கு வந்தபோது அறுபத்து நான்கு பக்கம்.
அறுபத்து நான்கு தலைப்பும்
ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டியது.
ஒன்று நீலம், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் நீலம்.
‘விலை நிலவரம்’ இடப்பக்கம் ஒதுங்கியிருக்க
‘கிழங்கு கொள்முதல்’ நட்டநடுவில்,
கல்யாண போட்டோவில்
இரு வீட்டாருக்கும் தெரியாத ஆள் மாதிரி.
எனக்கு முன்னால் செய்தவன் ஓசூர் போய்விட்டான்.
அவனைத் திட்டவில்லை.
மாசக் கடைசியில் நானும் ஒட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து
ஒரே ஒரு காம்போனென்ட் எழுதினேன்.
நிறம் அதற்குள்ளே, அளவு அதற்குள்ளே,
அடியில் ஓடும் மெல்லிய கோடும் உள்ளே.
நடுவில் மட்டும் காலியாக ஓர் இடம்;
எந்தப் பெயர் வருகிறதோ
அது வந்து உட்கார்ந்துகொள்ளட்டும்.
ராத்திரி பதினொன்றரைக்கு
அறுபத்து நான்கு பக்கமும்
ஒரே நூலில் நின்றன.
கதவைப் பூட்டும்போது விசில் வந்தது எனக்கு.

திங்கள் காலை ஆலைக்காரர் செங்கோட்டுவேலு போன்.
“ஏம்மா, எங்க மில்லுல
மாவு உள்ள போனா உருண்டையாத்தான் வெளிய வருது.
உங்க பக்கத்துல ஒரு உருண்டையும் காணோமே?”
புரியவில்லை.
“எழுத்துக்கு மேல பாரும்மா.”

பார்த்தேன்.
ஜவவரிசி.
எஙகள ஆலை.
தொடரபுககு.

வரியின் உயரம் ஒன்று என்று வைத்திருந்தேன்.
ஆங்கிலத்துக்கு அது போதும்,
அதன் எழுத்துகள் தலைச்சுமை அதிகம் தூக்குவதில்லை.
வழிந்தால் வெட்டு என்றும் சொல்லியிருந்தேன்,
ஒழுங்குக்காக.
வெட்டியதில்
மெய்யெல்லாம் உயிர்மெய்யாகி
வாயைத் திறந்தபடி நின்றன.
ரியின் கொண்டை பாதி சீவப்பட்டிருந்தது.

ஓரிடத்தில் எழுதினால் ஓரிடத்தில் திருத்தலாம்:
இதை எல்லாரும் சொல்லித் தந்தார்கள்.
ஓரிடத்தில் சறுக்கினால்
அறுபத்து நான்கு இடத்தில் விழுவோம் என்பதற்கு
ஆத்தூரிலிருந்து போன் வரவேண்டியிருந்தது.

ஒன்றை ஒன்றரை ஆக்கினேன்.
போதவில்லை.
‘ஸ்டார்ச்’சில் ச் மேல் பாதிப் புள்ளி,
மூன்றாம் பிறை போல.
அப்புறம் ஒன்று புள்ளி ஏழு.
அந்த எண்ணுக்குள்ளேயே
ஒரு புள்ளி இருந்ததை
சேமித்த பிறகுதான் கவனித்தேன்.

திரும்பத் திறந்தால்
உலர்களத்தில் கூடை கவிழ்த்த மாதிரி
பக்கம் பக்கமாகப் புள்ளி.
எண்ணவில்லை. கோப்பில் மாறியது ஒரே வரி.

புதன்கிழமை பஸ்ஸில் போட்டுவிட்ட பை வந்தது,
ஐந்து கிலோ நைலான் ஜவ்வரிசி.
பைக்குள் ஒரு துண்டுச் சீட்டில்
அறுபத்தைந்தாவது பக்கத்துக்குத் தலைப்பு:
‘வெளிமாநில ஆர்டர்கள்’.
அடித்தேன். போய் உட்கார்ந்தது.
நான் எதையும் யோசிக்கவேண்டியிருக்கவில்லை,
அதற்காகத்தானே எல்லாம்.

மின்னடுப்பில் ஜெரினா பாயசம் வைத்தாள்.
மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.
உருண்டையெல்லாம் வெந்து
கண்ணாடியாகி, இருக்கிற இடமே தெரியவில்லை.
“போச்சு,” என்றாள்,
“மறுபடி புள்ளி போச்சு.”